பாலிஷ் இயந்திரம் கையை விட்டு ஓடுகிறது: பலம் போதாதா?

பிப்ரவரி 6, காலை (கேள்வி)

தூய்மைப் பணிக்குச் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. தரையை மெருகேற்றும் ஒற்றைத் தட்டு பாலிஷ் இயந்திரத்தை இயக்கியதும் அது என்னை இழுத்துக்கொண்டு சுவரை நோக்கி ஓடுகிறது. நேற்று ஒரு கதவு நிலையில் போய் மோதியது. கையில் பலம் இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். என் எடை 52 கிலோ. இயந்திரமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். பலம்தான் காரணமா?

பிப்ரவரி 6, மாலை

பலம் காரணமே இல்லை. உங்கள் மேற்பார்வையாளர் அந்த இயந்திரத்தைக் கடைசியாகத் தம் கையால் ஓட்டியது எப்போது என்று கேட்கத் தோன்றுகிறது; நீங்கள் கேட்க வேண்டாம், வேலை முக்கியம்.

இந்த இயந்திரத்தைத் திருப்புவது கைப்பிடியின் உயரம். தட்டு மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்தினால் இயந்திரம் பின்புறம் சாய்ந்து, உங்கள் காலுக்கு அருகிலிருக்கும் பேட் (தட்டின் அடியில் மாட்டும் தேய்ப்பு வட்டு) விளிம்பு தரையை அதிகமாக அழுத்தும். அந்த விளிம்பு வலப்பக்கமாக ஓடிக்கொண்டிருப்பதால் தரையின் உராய்வு அதை இடப்பக்கம் தள்ளும். இயந்திரம் முழுவதும் இடப்பக்கம் நகரும். கைப்பிடியை உயர்த்தினால் முன்விளிம்பு அழுந்தும், அது இடப்பக்கம் ஓடும் விளிம்பு, ஆகையால் இயந்திரம் வலப்பக்கம் நகரும். இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஓர் உயரத்தில் அது நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். அந்த உயரத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் நாள் பாடம். அதற்குத் தேவைப்படும் அசைவு ஓரிரு விரற்கடைதான்.

பயந்தவர் என்ன செய்கிறார் என்றால், இயந்திரம் வலப்பக்கம் இழுத்தவுடன் கைப்பிடியை இறுகப் பற்றி, தம்மை அறியாமலே அதை மேலே தூக்குகிறார். தூக்கினால் அது இன்னும் வேகமாக வலப்பக்கம் போகிறது. பலசாலி இன்னும் பலமாகத் தூக்குவார், இன்னும் வேகமாகச் சுவரில் மோதுவார். நான் பார்த்தவரையில் கதவு நிலைகளை அதிகம் உடைத்தவர்கள் எல்லாரும் நல்ல உடற்கட்டு உள்ளவர்கள்.

பிப்ரவரி 6, இரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். தாழ்த்தினால் இடம், உயர்த்தினால் வலம் என்பது தட்டு இடஞ்சுழியாகச் சுழலும் இயந்திரங்களுக்கு மட்டும் பொருந்தும். பெரும்பாலானவை அப்படித்தான் செய்யப்படுகின்றன என்றாலும், நான் பழகிய ஒரு பழைய இயந்திரம் நேர்மாறாகச் சுழன்றது. அதில் முதல் பத்து நிமிடங்களுக்கு எனக்கு இடது வலது இரண்டுமே மறந்துபோயின. புதிய இயந்திரம் கைக்கு வந்தால், முதலில் அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். பிறகு, காலியான பெரிய அறையின் நடுவில் நிறுத்தி, தேய்ந்த மென்மையான பேடைப் போட்டுப் பழகுங்கள். புது பேட் உலர்ந்த தரையைக் கவ்வும், கற்றுக்கொள்பவருக்கு அது வேண்டாம்.

பிப்ரவரி 8

"ஓடும்போது கையை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விடத்தான் வேண்டும். கைப்பிடியில் நீங்கள் அழுத்திப் பிடித்திருக்கும் லீவர் அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது: பிடி தளர்ந்தால் மின்சாரம் அறுந்துவிடும். ஆனால் மோட்டார் நின்றாலும் தட்டு இன்னும் சில நொடிகள் தன் வேகத்தில் சுழலும், அந்த நொடிகளில் கைப்பிடி பக்கவாட்டில் வீசியடிக்கக்கூடும். ஆகவே லீவரை விடுவதோடு ஓரடி பின்வாங்கவும் வேண்டும். துரத்திப் பிடிக்கவே கூடாது. ஓடும் பாத்திரத்தைப் பிடிக்கும் அனிச்சை நம் எல்லாருக்கும் இருக்கிறது. இந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்த அனிச்சையை முதலில் மறக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம்: வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், கையை விட்டுச் சுழன்ற கைப்பிடியை மணிக்கட்டால் தடுக்கப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் ஆறு வாரங்கள் மாப்பைப் பிழியக்கூட முடியவில்லை. இயந்திரம் அதன் பிறகும் எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

லீவரை விட்டும் நிற்காவிட்டால், சுவரிலிருக்கும் பிளக்கை நோக்கிப் போங்கள், இயந்திரத்தை நோக்கிப் போகாதீர்கள். அப்படி ஒருமுறை நடந்த இயந்திரம் பழுது பார்க்கும்வரை வெளியே எடுக்கப்படக் கூடாது. "ஓடட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் அதைத் தாமே ஓட்டட்டும்.

பிப்ரவரி 9

சின்ன விஷயம், ஆனால் கேட்டவருடைய இயந்திரம் இழுப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இரவில் இயந்திரத்தைப் பேடின் மேலேயே நிறுத்திவிட்டுப் போகிறார்களா? அப்படி நிறுத்தினால் எடை முழுவதும் பேடில் இறங்கி அது ஒரு பக்கம் நசுங்கிவிடும், மறுநாள் இயந்திரம் குதித்துக் குதித்து ஓடும். பேடைக் கழற்றி, இயந்திரத்தைச் சக்கரங்களின் மேல் சாய்த்து வைக்க வேண்டும். காலையில் பேடைத் தட்டின் நடுமையத்தில் பொருத்த வேண்டும். அரை அங்குலம் விலகினாலும் கைக்குத் தெரியும்.

பிப்ரவரி 12

இப்போது ஒயர். இந்த வேலையில் எனக்கு உண்மையாகவே பயம் தந்தது சுழலும் தட்டைவிட, அதைத் தொடர்ந்து வரும் அந்த நீண்ட ஒயர்தான்.

பிளக் இருக்கும் சுவரருகே தொடங்கி, அதிலிருந்து விலகி விலகிப் பின்னோக்கி நடக்க வேண்டும். அப்போது ஒயர் எப்போதும் மெருகேறி முடிந்த பகுதியில் கிடக்கும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: நீங்கள் பின்னோக்கி நடக்கிறீர்கள், இயந்திரம் உங்களுக்கு முன்னால் இருக்கிறது, பிளக் அதற்கும் முன்னால் இருக்கிறது. அப்படியானால் ஒயர் இயந்திரத்தைத் தாண்டித்தானே உங்களிடம் வர வேண்டும்? தட்டு அதைச் சுருட்டி உள்ளே இழுக்க வேறென்ன வேண்டும்? பிளக்கை நோக்கிப் பின்வாங்கினால் ஒயர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஆனால் காலில் சிக்கும். ஆகவே இரண்டு வழிகளிலும் ஒயரை ஒரு கை ஆண்டுகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் உண்மை. நான் ஒயரைத் தோளின்மேல் போட்டு, தட்டு அப்போது போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விழும்படி வைத்துக்கொள்வேன். கழுத்தைச் சுற்றிப் போடக் கூடாது. இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். போட்டவரைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

பேடை மாற்றுவதற்குமுன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்பது போதாது. இயந்திரத்தைச் சாய்த்துப் போடும்போது கைப்பிடி தரையில் படுகிறது, லீவர் அழுந்துகிறது, உங்கள் விரல்கள் அப்போது தட்டில் இருக்கின்றன. பல இயந்திரங்களில் லீவரை அழுத்துமுன் ஒரு பூட்டுப் பொத்தானையும் அழுத்த வேண்டியிருப்பது இதற்காகத்தான், ஆனால் பழைய இயந்திரங்களில் அந்தப் பொத்தான் தேய்ந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

நீட்டிப்பு ஒயர் போடுகிறீர்கள் என்றால், அது மூன்று முனைகள் உள்ளதாக, இயந்திரத்தின் சொந்த ஒயருக்குக் குறையாத தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தக் கூடாது; முழுவதையும் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுகளுக்குள் வெப்பம் தேங்கி உறை உருகும். மெல்லிய நீண்ட ஒயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டாரும் சூடாகும். எர்த் முனையை உடைத்து இருமுனைத் துளையில் செருகும் வழக்கத்தைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

பிப்ரவரி 13

கசிவு மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச் கட்டடத்தில் இருந்தால் போதாதா என்று ஒருவர் கேட்கிறார். அது இருக்க வேண்டும். பல நாடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அறுக்கும் வகை பயன்படுகிறது. வட அமெரிக்காவில் ஆட்களைக் காக்க வைக்கப்படும் வகை 4 முதல் 6 மில்லி ஆம்பியரிலேயே அறுக்கும். ஆனால் அது எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் அறியும். நசுங்கிய ஒயரில் ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறுகையால் நியூட்ரலையும் தொட்டால், அதைப் பொறுத்தவரை நீங்கள் இன்னொரு மின்விளக்குதான். சோதனைப் பொத்தானை வேலை தொடங்குமுன் அழுத்திப் பாருங்கள், அறுபடாவிட்டால் அந்த இணைப்பில் வேலை செய்யாதீர்கள். ஒயரை விரலால் உருவிப் பார்ப்பதற்கு எந்தச் சுவிட்சும் மாற்றாகாது.

பிப்ரவரி 19

பழைய மெழுகுப் பூச்சை உரிக்கும் வேலை வந்திருக்கிறது என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். இந்த இழையில் இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட இது கடினமானது.

உரிப்புத் திரவம் காரத்தன்மை மிகுந்தது. அது பூச்சைக் கரைத்துக் கூழாக்கும்போது தரை வழுக்குவது, சோப்பு நீரில் வழுக்குவது போன்றதல்ல. காலை வைத்த இடத்தில் கால் இருக்காது. அதன்மேல் நின்றுகொண்டு ஓர் இயந்திரத்தை ஆள வேண்டும். சாதாரண ரப்பர் செருப்போ, அடிப்பகுதி தேய்ந்த ஷூவோ இதற்கு உதவாது. உரிப்பு வேலைக்கென்றே ஷூவின் மேல் மாட்டும், சொரசொரப்பான அடி கொண்ட மேலுறைகள் கிடைக்கின்றன. நிர்வாகம் இயந்திரத்துக்குச் செலவழிக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை பொருட்டே இல்லை. நைட்ரைல் கையுறை, தெறிப்பைத் தடுக்கும் கண்ணாடி இரண்டும் கட்டாயம். கண்ணில் காரம் பட்டால் வலி முதலில் குறைவாகத் தெரியலாம், சேதம் அதற்குள் ஆழமாகப் போய்விடும்; உடனே ஓடும் நீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

திரவத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், திரவத்தின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். "நன்றாக உரியட்டும்" என்று ப்ளீச்சைச் சேர்க்கும் கைகளைப் பார்த்திருக்கிறேன். ப்ளீச் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் வரும்; இரண்டும் நச்சு. உரிப்புத் திரவங்கள் பலவற்றில் அம்மோனியாவின் உறவுக்காரப் பொருள்கள் இருக்கின்றன. ஒரு வாளியில் ஒரு பொருள் மட்டும்.

நடைபாதை என்றால் ஒரு பாதியை முடித்து உலர்ந்தபின் மறுபாதியைத் தொடங்குங்கள். எச்சரிக்கைப் பலகையை ஒரு முனையில் மட்டும் வைப்பவர்கள், மறுமுனையில் கதவு இருப்பதை மறந்துவிடுகிறார்கள். கூழ் தரையில் காய்ந்துவிடாமல் இருக்க அவசரப்பட வேண்டியிருக்கும் என்பது உண்மை, ஆனால் அந்த அவசரத்துக்குத் தீர்வு சிறிய பகுதியாகப் பிரித்துக்கொள்வதுதான். வேகமாக நடப்பது அல்ல.

வழுக்குவதற்குப் பாலிஷ்தான் காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சரியாகப் போட்டு உலரவிட்ட பூச்சு பளபளத்தாலும் பெரிதாக வழுக்காது. எண்ணெய் தடவிய தூசி மாப்பை அதன்மேல் இழுப்பதும், பூச்சு உலருமுன் ஆட்களை நடக்கவிடுவதும்தான் அதிகம் விழவைக்கின்றன.

பிப்ரவரி 20, காலை

நேற்றைய குறிப்பைப் படித்தவர் ஒருவர், "அப்படியானால் உலர்ந்த நிலையிலேயே தேய்த்து எடுத்துவிடலாமே, வழுக்காது அல்லவா?" என்று கேட்டிருக்கிறார். இதே யோசனையை நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன், பிறருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு.

பழைய கட்டடங்களில் இருக்கும் வினைல் ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கருப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரல் நோய் தரும் கனிம நார்) இருக்கக்கூடும். 9 அங்குலச் சதுர ஓடுகளைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுங்கள். ஓடு முழுசாக இருக்கும்வரை நார்கள் அதற்குள் கட்டுண்டு கிடக்கும். உலர்ந்த நிலையில் சொரசொரப்பான பேடால் தேய்த்தால் அவை காற்றில் கலக்கும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி, அத்தகைய தரையை மணற்காகிதம் போன்றவற்றால் உராய்ந்து தேய்ப்பதை முற்றிலும் தடை செய்கிறது. பூச்சை உரிப்பதானால் ஈரமாக, மென்மையான பேடால், நிமிடத்துக்கு 300 சுற்றுகளுக்குக் குறைவான வேகத்தில் மட்டுமே உரிக்கலாம் என்கிறது. உலர் மெருகோ, பேட் ஓட்டையே தொடாத அளவுக்குப் பூச்சு இருந்தால்தான் அனுமதி. நோய் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், உலர்த் தேய்ப்பைச் செய்தவர் யாரும் அன்று மாலை எந்த வித்தியாசத்தையும் உணர்ந்திருக்க மாட்டார். ஓடு என்ன வகை என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே கொள்ளுங்கள்.

பிப்ரவரி 20, மாலை

பேடின் நிறம் கேட்டவருக்கு: பொதுவாக, நிறம் கருக்கக் கருக்கச் சொரசொரப்பு கூடும். கருப்பு உரிப்பதற்கு, பச்சையும் நீலமும் தேய்த்துக் கழுவ, சிவப்பு இலேசான மெருகுக்கு, வெள்ளை பளபளப்புக்கு. பெட்டியில் எழுதியிருக்கும் வேக வரம்பை அதைவிட முக்கியமாகப் பாருங்கள், காரணத்தை அடுத்து எழுதுகிறேன்.

மார்ச் 2

அடுத்து என்று சொல்லிவிட்டுப் பத்து நாள் கழித்து வருகிறேன்.

உங்கள் கட்டடத்தில் அதிவேக மெருகு இயந்திரமும் இருப்பதாகவும், அதை ஒற்றைத் தட்டு இயந்திரத்தின் அண்ணன் என்று அங்கே அழைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உறவு அவ்வளவு நெருக்கமல்ல. நிமிடத்துக்கு 175 முறை சுழலும் 17 அங்குலத் தட்டின் விளிம்பு, மணிக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது சைக்கிள் வேகம். நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் 20 அங்குலத் தட்டின் விளிம்பு மணிக்கு 144 கிலோமீட்டரில் ஓடுகிறது. குறைந்த வேகத்துக்கான பேடையோ பிரஷையோ அதில் மாட்டினால் அது கிழிந்து பறக்கும். அதிவேக இயந்திரம் பக்கவாட்டில் ஆடாது, அதை நேராகத்தான் நடத்திப் போக வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்திச் சுழலவிட்டால் தரை கருகும்.

எரிவாயுவில் ஓடும் வகை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கதவுகளைப் பூட்டிக்கொண்டு இரவுப்பணி செய்யும் கட்டடத்தில் அது தேங்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவற்றை இரவுப்பணிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வதுதான் ஆபத்து. அமெரிக்காவின் சட்ட வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 50 பங்கு. அந்நாட்டின் ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 35. இந்த எண்கள் மூக்குக்குத் தெரியாதவை, ஆகவே அளவிடும் கருவி இல்லாமல் அந்த இயந்திரத்தை மூடிய கட்டடத்துக்குள் ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். ஒருவருக்குத் தலை வலித்தால் எல்லாரும் வெளியே வர வேண்டும்.

மின்கலத்தில் ஓடுவது நல்லதுதான், ஒயர் தொல்லை போகிறது. ஆனால் ஈய அமில மின்கலம் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது தீப்பற்றும். துடைப்பங்களும் காகிதப் பெட்டிகளும் நிறைந்த சிறிய அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு சார்ஜ் போடுவதுதான் எங்கும் வழக்கமாக இருக்கிறது.

மார்ச் 5

கேட்டவருடைய விரல்கள் வேலை முடிந்தபின்னும் குறுகுறுக்கின்றனவாம். இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். அல்லது பேட் மையத்தில் இல்லை, அல்லது இயந்திரத்தின் தாங்கி (பேரிங்) தேய்ந்துவிட்டது. கைக்கு வரும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஓர் அளவு வைத்தது: எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. நல்ல நிலையிலுள்ள இயந்திரம் கையை மரத்துப்போக வைக்காது. விரல் நுனி வெளுக்கத் தொடங்கினால் மருத்துவரிடம் வேலையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் குளிர் என்று நினைத்துவிடுவார்.

படிக்கட்டில் இயந்திரத்தைத் தனியாகத் தூக்காதீர்கள். 50 கிலோவை ஒருவர் தூக்கலாமா என்று விவாதிப்பதற்கு இடமே இல்லை.

மார்ச் 11

பலமுறை எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட ஒன்று.

பிப்ரவரி 8 குறிப்பில் லீவரைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுதினேன். அதே லீவரை ரப்பர் பட்டை போட்டுக் கட்டி ஓட்டிய ஆள் நான். ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஓர் இரவில் நான்கு தளங்களை முடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் தளம் வருவதற்குள் விரல்கள் மடங்காது. பட்டை போட்டால் உள்ளங்கையால் தள்ளிக்கொண்டு போகலாம். ஏறக்குறைய ஓர் ஆண்டு அப்படித்தான் ஓட்டினேன், எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் நான் விடுப்பில் இருந்தபோது, பட்டை கட்டப்பட்டிருப்பது தெரியாமல் வேறொருவர் பிளக்கைச் செருகினார். நிமிர்த்தி வைத்திருந்த இயந்திரம் தானே இயங்கிக் கீழே விழுந்து அவருடைய கணுக்காலில் அடித்தது. விபத்துக் குறிப்பில் "பணியாளரின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். கவனக்குறைவு அவருடையது என்று எழுதப்பட்டதைப் படித்துவிட்டு நான் எதுவும் சொல்லவில்லை.

பட்டையைப் போட்டது என் தவறு. ஆனால் நான்கு தளங்களை ஒருவரிடம் கொடுத்த பட்டியலை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். பலம் போதாது என்று உங்களிடம் சொன்னதும் அதே வகைப் பேச்சுதான்.

மார்ச் 14

கேட்டவர் இன்று எழுதியது: இயந்திரம் இப்போது நேராக நிற்கிறது, 52 கிலோவிலேயே. ஆனால் லீவரின் சுருள்வில் (ஸ்பிரிங்) தளர்ந்திருக்கிறது, விட்டபிறகு இரண்டு நொடி தாமதமாக மீள்கிறது. சரிசெய்யலாமா?

நீங்கள் சரிசெய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, "இயக்கக் கூடாது" என்று எழுதி, நாளையும் நேரத்தையும் போட்டுக் கைப்பிடியில் கட்டுங்கள். அந்த அட்டையை அலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகள் சில சமயம் காலையில் காணாமல் போகும்.